இரண்டு குழாயும் ஒரு சாரும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பொறியாளர்களான உங்களுக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் மேடம் என்றும் சொன்னார்கள். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். வேலைக்காலம் முழுவதும் கார்களின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும், ஒரு கார் வளைவில் திரும்பினால் சக்கரத்தைத்தான் பார்க்கிறேன், ஓட்டுகிறவரைப் பார்ப்பதில்லை. அதனால் எனக்கு நன்றாக வருவதையே செய்கிறேன். திட்டுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு உள்ள எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். அலுவலக அறையில் வாயைத் திறக்க மாட்டீர்கள். மாலையில் கார்ஹிங் நிலையத்தில் யூ-பான் ரயிலின் கதவு மூடியதோ இல்லையோ, பேச ஆரம்பித்துவிடுவீர்கள். எது தப்பு, யார் கணக்கு உதைக்கிறது, எந்தப் பாகம் உடையப் போகிறது, எல்லாம் அழகான தமிழில் மியூனிக் வரைக்கும் ஓடும். அந்த ரயிலில் பேசுவதில் பாதியை அறையில் பேசியிருந்தால் இந்த நிறுவனம் எத்தனையோ தொல்லையிலிருந்து தப்பித்திருக்கும். நானும் கொஞ்சம் ரத்தக் கொதிப்பிலிருந்து தப்பித்திருப்பேன்.

கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் காரணம் இருக்கிறது. என் கடைசித் திட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அது ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, நீண்ட மூக்கு. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரை இப்போது விலைக்கு வாங்கி வைத்திருக்கும் டுசல்டோர்ஃப் பணக்காரருக்கு வக்கீல்கள் அதிகம். அதே வண்டியைப் புதிதாக, கொஞ்ச எண்ணிக்கையில், இன்றைய ஜெர்மன் சாலைக்கு அனுமதி கிடைக்கிற மாதிரி வடிவமைத்துத் தர வேண்டும் என்று எங்களிடம் வந்தார். அப்படியே இருக்க வேண்டுமாம், ஆனால் அதைவிட நன்றாக இருக்க வேண்டுமாம். மாமியார் மருமகளிடம் சமையலில் எதிர்பார்ப்பதைத்தான் அவர் எங்களிடம் எதிர்பார்த்தார்.

ஆரம்பமே சரியில்லை. பழைய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அதன் உடம்பை ஸ்கேன் செய்தார்கள். இரண்டு பக்கமும் எதற்கு என்று இடது பாதியை மட்டும் அளந்து, கணினியில் அப்படியே வலப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அந்த வண்டியோ மரச்சட்டத்தின் மேல் கையால் தகடு தட்டிச் செய்தது. இடப்பக்கம் தட்டியவர் ஒருவர், வலப்பக்கம் தட்டியவர் வேறொருவர். புது உடம்பின் மேல் பழைய அச்சில் செய்த முன்கண்ணாடிச் சட்டத்தை வைத்தால் ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் எழுந்து நின்றது. "பழைய வண்டி தப்பு" என்று ஒருவர் சொன்னார். இத்தனை வருடமாக மழை உள்ளே வராமல் ஓடிக்கொண்டிருந்த வண்டி தப்பாம்! தலையில் அடித்துக்கொண்டேன்.

உடம்பில் நடந்தது வேடிக்கை. சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், நடந்தது வேடிக்கை இல்லை.

அந்த வண்டியின் சேஸிஸ் மெல்லியது. முறுக்கினால் முறுகும். ஸ்பிரிங்கோ கல். இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டோம். சேஸிஸை விறைப்பாக்கி ஸ்பிரிங்கை இளக்குவோம். ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. கயிற்றுக் கட்டிலை மேடுபள்ளமான தரையில் போட்டுப் பாருங்கள், நாலு காலும் தரையில் நிற்கும். இரும்புக் கட்டிலைப் போட்டால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும். அந்த வண்டி கயிற்றுக் கட்டில். சேஸிஸ் முறுகிக் கொடுத்ததால்தான் நாலு சக்கரமும் சாலையில் இருந்தன.

எங்கள் ஆட்களுக்கு முறுகும் சேஸிஸைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? முன்பக்கத்தில் இரண்டு குறுக்குக் குழாய்களைப் போல்ட் போட்டு மாட்டினார்கள். சேஸிஸ் நன்றாக விறைத்துக்கொண்டது. ஸ்பிரிங்கை மட்டும் தொடக்கூடாது என்று டுசல்டோர்ஃபிலிருந்து கண்டிப்பான உத்தரவு. அசல் ஸ்பிரிங் என்று விளம்பரத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டாராம்.

குழாய் யோசனை சுந்தரத்தினுடையது. கோயம்புத்தூர்க்காரர், எங்கள் அலுவலகத்தில் தமிழர்களில் எனக்கு அடுத்து மூத்தவர், கெட்டிக்காரர். அதைக் கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டியவன் ரகு. இருவரும் ஒரே கல்லூரி, வேறு வேறு காலம். ரகுவுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர் சுந்தரம். வீடு கிடைக்கும் வரை தன் வீட்டில் தங்க வைத்தவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இன்னும் சுந்தரம் வீட்டில்தான். ரகுவுக்கு அவர் வெறும் சுந்தரம் இல்லை, சார்.

சேஸிஸை முடிவு செய்யும் கூட்டம் நடந்த அன்று எனக்குப் பல் மருத்துவரிடம் டெர்மின், முன்பே குறித்து வாங்கிய நேரம். இந்த ஊரில் டெர்மினைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். போய்விட்டேன். மாலையில் கார்ஹிங்கில் ரயில் ஏறினால் ரகு உட்கார்ந்திருக்கிறான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னப்பா, மீட்டிங் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். ஓகே பண்ணிட்டாங்க." பிறகு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். "ஆனா மேடம், அது செட் ஆகாது. அந்த டியூப் போட்டா, மேடுபள்ளமான வளைவுல உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிடுது. வேகமா போனா வண்டி வாலை வீசிடும். டிரைவருக்கு வார்னிங்கே கிடைக்காது. ரெண்டு விதமா போட்டுப் பாத்துட்டேன்."

"இதை மீட்டிங்ல சொன்னியா?"

"சார் இருந்தாரு மேடம்."

எனக்குப் பாதி வாய் மரத்திருந்தது. முழு வாயும் வேலை செய்திருந்தால் அந்தப் பெட்டியில் இருந்த ஜெர்மானியர்கள் எல்லாம் அடுத்த நிலையத்தில் இறங்கியிருப்பார்கள். மரத்த வாயால் முடிந்தவரை கேட்டேன். உன் வாயில் என்ன கொழுக்கட்டையா? கணக்குப் போடத்தானே உன்னை வைத்திருக்கிறது?

"ஹோல்ஸ்மன் முன்னாடி சாரை எப்படி மேடம் விட்டுக்கொடுக்கறது? ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போவேன்ல, அப்ப மெதுவா சொல்லிடறேன்."

ஹோல்ஸ்மன் எங்கள் திட்டத் தலைவர். கூட்டம் முடியும்போது எப்போதும் மேசையைச் சுற்றிப் பார்த்து, யாருக்காவது பெடெங்கன் உண்டா என்று கேட்பார். தயக்கம், சந்தேகம், ஆட்சேபம் எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள் என்று அர்த்தம். யாரும் பேசாவிட்டால், இல்லை என்று கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். அவர்களுக்கு அதில் யாரும் யாரையும் விட்டுக்கொடுப்பது கிடையாது. குழாயைப் பற்றித்தான் பேச்சு, குழாயைப் போட்டவரைப் பற்றி இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், நான் ஒரு கூட்டம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வெளியே கூப்பிட்டு, ஒத்துக்கொள்வதற்கு உங்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்றார். அப்போது அழுகை வந்தது. பிறகு ரொம்ப நாள் உதவியது.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியாது. அதற்கு முன்பே வண்டி சோதனைப் பாதைக்குப் போகிறது. மறுநாள் காலை நானே ஹோல்ஸ்மனிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கு இருக்கிறதா?"

"ரகுவிடம் இருக்கிறது."

ரகுவைக் கூப்பிட்டார். அவன் வந்தான். சுந்தரமும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்து நின்றார். அவ்வளவுதான். அது இன்னும் முழுமையாகவில்லை, இன்னொரு முறை பார்க்க வேண்டும், இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ரகு பூசி மெழுகினான். முந்தின நாள் ரயிலில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிய அதே வாய்! ஹோல்ஸ்மன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. நம்பிக்கை இல்லை. முதலில் மெதுவாக ஓட்டுவோம், வேகமாக ஓட்டும் முன் இன்னொரு தடவை எல்லாரையும் கேட்கிறேன் என்றார். அவர் மேல் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சோதனைப் பாதை என்பது பழைய விமான ஓடுதளம். ஒரு கோடியில் வேண்டுமென்றே மேடுபள்ளமாக விட்டு வைத்த வளைவு ஒன்று உண்டு. வண்டியை ஓட்டுகிறவர் ஜேசுதாசன். மன்னார்க்காரர், இளவயதில் அகதியாக வந்தவர், இங்கேயே மெக்கானிக் ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, பிறகு சோதனை ஓட்டுநரானவர். ஏறுமுன் சிலுவை போட்டுக்கொள்வார், பிறகு எங்களை நம்புவார். பொறியாளர்கள் ஓடலாம் என்றால் ஓடுவார். ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

மெதுவான சுற்றுகள் முடிந்தன. வண்டியை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எப்பிடி இருக்கு ஜேசு?" என்றேன்.

"கொஞ்சம் முரண்டு பிடிக்குது அக்கா. பழையது இப்பிடி இல்லை. ஆனா ஓடலாம் எண்டால் ஓடுவன்."

ஹோல்ஸ்மன் சொன்ன சொல் மாறவில்லை. எல்லாரையும் வண்டியைச் சுற்றி நிற்க வைத்து, அடுத்தது வேகச் சுற்று, அந்த வளைவு வழியாக, யாருக்காவது பெடெங்கன் உண்டா என்று கேட்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ரகுவின் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். ரகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுந்தரம்.

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ரகு என் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தான்.

"மேடம், அந்த வளைவுல மட்டும் கொஞ்சம் ஸ்லோவா போகச் சொல்லுங்களேன்."

இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. நாம் தமிழில் பேசினால் சுற்றியுள்ளவர்களுக்குப் புரியாது என்ற பழக்கம் நமக்கு எலும்பு வரை ஊறிவிட்டது. கடையில், ரயிலில், லிஃப்டில், எல்லா இடத்திலும் அப்படித்தான் பேசுகிறோம். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரும் தமிழர் என்பதுகூட அவன் நினைவில் இல்லை.

எஞ்சின் நின்றது. ஜேசுதாசன் சாவியோடு இறங்கி, அதை வண்டியின் மூக்கின் மேல் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஏன் தம்பி மெதுவாப் போகோணும்?"

ஹோல்ஸ்மன் என்னைப் பார்த்து, என்ன சொன்னான் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்த்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் நான் சொன்னால் அது என் பயம். அவன் சொன்னால்தான் கணக்கு. அதோடு எனக்குப் பொறுமையும் போய்விட்டது.

"அவனுக்கு என்னைவிட நல்ல ஜெர்மன் தெரியும். அவனையே கேளுங்கள். அவன் சொல்லும் வரை இந்த வண்டி நகராது" என்றேன்.

ரகு சுந்தரத்தைப் பார்த்தான். பிறகு ஜேசுதாசனின் கையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தான்.

"நீர் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லும்" என்றார் ஜேசுதாசன். "ஓடலாமோ, ஏலாதோ?"

"ஏலாது அண்ணா" என்றான் ரகு. பிறகு ஹோல்ஸ்மன் பக்கம் திரும்பி, ரயிலில் எனக்குச் சொன்ன அத்தனையையும் ஜெர்மனில் சொன்னான். குழாய், விறைப்பு, தூக்கும் சக்கரம், வால். ஒன்றும் விடவில்லை. சுந்தரத்தின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சுந்தரம் கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். பட்டார். ஆனால் நாங்கள் எதிர்பார்த்த காரணத்துக்கு இல்லை.

"ஏன்டா, இதை என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு?" ஜெர்மானியர்கள் நடுவில் நின்று பச்சைத் தமிழில் கத்தினார். "எனக்கே டவுட்டு இருந்துச்சு. அன்னிக்கு மீட்டிங்ல உன் மூஞ்சியத்தானே பாத்துட்டு இருந்தேன்? நீ கணக்குப் போட்டவன், நீயே சும்மா இருக்கே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். என்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சியா? நீதான்டா என்னைக் குழியில தள்ளுனது."

ரகுவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவன் மேல் பரிதாபமும் வந்தது, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. அவன் சொல்லுவான் என்று இவர் இருந்தார், இவருக்காக அவன் இருந்தான். இவர்கள் இருவரின் அன்புக்கும் நடுவில் அந்த வளைவும், அதில் ஓட்டப் போகும் மனிதரும்.

ஹோல்ஸ்மன் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. வளைவின் ஓரத்தில் கேமராவை வைக்கச் சொன்னார். வால் வீசாத அளவுக்கு, நடுத்தர வேகத்தில் ஒரே ஒரு தடவை போக முடியுமா என்று ஜேசுதாசனைக் கேட்டார். அந்த வேகத்தில் போகலாமா என்று ஜேசுதாசன் ரகுவைக் கேட்டார். போகலாம், அதற்கு மேல் போகாதீர்கள் என்று ரகு சொன்னான். போய் வந்தார்.

பிறகு எல்லாரும் கேமராவைச் சுற்றி நின்று பார்த்தோம். மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுந்து, காற்றில் சும்மா சுற்றிக்கொண்டே போனது. கீழே வெளிச்சம் தெரிந்தது. அந்த வேகத்திலேயே அப்படி என்றால், வேகச் சுற்றில் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜேசுதாசன் அதை இரண்டாவது தடவையும் போடச் சொல்லிப் பார்த்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை.

"தம்பி, உங்களுக்கு இது முந்தியே தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஆளாளுக்கு நிண்டனீங்கள், என்ன?"

"சாருக்கு மரியாதை குறையக்கூடாதுன்னு..." என்று ரகு இழுத்தான்.

"மரியாதை குடுக்கிறதெண்டால் உம்மடை கையிலை இருக்கிறதிலை குடும். என்ரை உயிரை எடுத்துக் குடுக்காதையும்."

சுந்தரமே மண்ணில் விளையாடும் குழந்தை மாதிரி தரையில் உட்கார்ந்து, சட்டை அழுக்காவதைப் பார்க்காமல், வண்டிக்கடியில் நுழைந்து போல்ட்டுகளைக் கழற்றினார். இரண்டு குழாய்களும் வெளியே வந்தன. ஓரமாகப் புல்லில் போட்டார்.

ஹோல்ஸ்மன் மறுபடியும் கேட்டார். இப்போது பெடெங்கன் உண்டா? ரகு, இல்லை, இப்போது ஓடலாம் என்று உடனே சொன்னான். சொன்ன வேகத்தைப் பார்த்தால் எப்படியாவது இந்த நாளை முடித்துவிட்டால் போதும் என்பது போல இருந்தது.

ஜேசுதாசன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். பக்கத்து இருக்கைக்கான கதவைத் திறந்துவிட்டார். கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு ஹெல்மெட்டைக் காட்டினார்.

"அப்ப நீரும் ஏறும்."

ரகு ஒரு அடி எடுத்து வைத்தான். நின்றான். கதவையும் பார்த்தான், தூரத்தில் இருந்த வளைவையும் பார்த்தான். பிறகு ஹோல்ஸ்மனிடம் திரும்பி, அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "ஒரு நிமிடம் பொறுங்கள். குழாய் இல்லாமல் இந்தப் புது உடம்போடு நான் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை" என்றான்.

வாடகைக்கு எடுத்த பாதை, காத்திருக்கும் ஆட்கள், இருட்டத் தொடங்கும் வானம். ஹோல்ஸ்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சரி என்றார். ரகு புல்லில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். சுந்தரம் பக்கத்தில் போய் உட்காரப் போனார். "சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் இருங்க" என்றான்.

நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். ஜேசுதாசன் எஞ்சினைப் போடவில்லை, கதவை மூடவும் இல்லை. கடைசியில் ரகு எழுந்து வந்தான். பின்டயர்களில் காற்றைக் குறைக்கச் சொன்னான். வளைவுக்கு ஒரு வேகம் சொன்னான், அதற்கு மேல் கூடாது என்றான். சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல், ஏறி உட்கார்ந்தான்.